ஒறம்பரைக்குப் பானைத் தண்ணீர்

போன மழைக்கு எங்கள் பக்கத்துப் பெரிய குழாய் எங்கேயோ உடைந்துவிட்டது. நான் கோயமுத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். அடுக்குமாடி வீடு. சமையலறைச் சுவரில் தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற மெஷின் மாட்டியிருக்கிறது. நீல விளக்கு எரிந்தால் குடிக்கலாம், சிவப்பு எரிந்தால் குடிக்கக் கூடாது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற எனக்கு இது ரொம்ப வசதி. விளக்கின் நிறம் பார்க்கப் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டியதில்லை.

அன்றைக்குச் சிவப்பு எரிந்தது. கேன் தண்ணீர் போடுகிறவருக்கு மருமகள் போன் மேல் போன் போட்டாள். அவர் எடுக்கவே இல்லை. மழையில் அவர் வண்டி எங்கே நின்றதோ. கடைசியில் பரணில் கிடந்த பழைய குக்கரை இறக்கிக் கழுவி, மூடி போடாமல் அதிலேயே தண்ணீரைக் காய்ச்சி, ஆற வைத்து, கண்ணாடி டம்ளரில் ஊற்றி மகனிடம் கொடுத்தாள். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தூக்கிப் பார்த்தான்.

"பருப்புத் தண்ணியாட்ட இருக்குது. கொஞ்சம் புளி கரைச்சு ஊத்தீட்டா மத்தியானத்துக்கு ஆயிப்போயிரும்."

மருமகள் முகம் சுண்டிப்போனது. வாயை மூடிக்கொண்டு இருப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. ஆனாலும் அன்றைக்கு மூடிக்கொண்டேன். அவள் மேல் தப்பில்லை. தண்ணீர் அப்படிப்பட்டது. எந்தப் பாத்திரத்தில் வைத்தாலும் அந்தப் பாத்திரம் அதுவரை சமைத்ததையெல்லாம் கொஞ்சம் வாங்கிக்கொண்டுதான் வரும். எத்தனை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் நமக்குத் தெரியாத வாசம் தண்ணீருக்குத் தெரியும். அதனால்தான் காய்ச்சுகிற தண்ணீருக்கு என்று ஒரு பாத்திரத்தைத் தனியாக ஒதுக்கிவிட வேண்டும். என்னிடம் அப்படி ஒன்று இருந்தது. ஒரு பித்தளைக் குண்டா.

கல்யாணத்துக்கு என் அம்மா வீட்டில் கொடுத்தது. கொடுத்த புதிதில் அதில்தான் சோறு, அதில்தான் சாறு. பித்தளைக்கு உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும். ஈயம் போய்விட்டால் புளி ஆகாது, பால் ஆகாது, வைத்ததெல்லாம் களிம்பு ஏறிக் கசக்கும். எங்களுக்கு வந்த கஷ்டத்தில் மறுபடி ஈயம் பூச வைக்கவில்லை. அப்படியே மூலையில் கவிழ்ந்து கிடந்தது. அதற்குப் பிறகு அதற்கு ஒரு வேலை வந்தது என்றால், அது மஞ்சள் காமாலையால் வந்தது.

அப்போது நாங்கள் கருமத்தம்பட்டியில் இருந்தோம். எங்கள் விவசாயக் காட்டில் கிணறு வற்றிப்போய், என் வீட்டுக்காரர் அடுத்தவர் தறிக்கு வேலைக்கு வந்தார். வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். நான், அவர், அவருடைய அம்மா, அவருடைய தங்கை சரசு. இந்தச் சுவரில் ஆணி அடித்தால் அந்த வீட்டில் காரை உதிரும். பகலெல்லாம் தறிச் சத்தம். பேசுவதைக் காட்டிலும் கையாட்டுவது சுலபம். இன்றைக்கும் நான் சத்தமாகத்தான் பேசுகிறேன் என்று பேத்தி சொல்கிறாள். தறிக்குடியில் வாழ்ந்தவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியுமா, நீங்களே சொல்லுங்கள்.

குடிதண்ணீர்க் குழாய் சாக்கடைக்குள் புகுந்து வெளியே வரும். அதை எல்லோரும் தினமும் பார்த்தோம், யாரும் பார்க்கவில்லை. ஒரு கோடையில் வீட்டுக்கு வீடு கண் மஞ்சளானது. தறிகள் பாதி நின்றன. கீழாநெல்லி அரைக்கிற அம்மிச் சத்தம் தறிச் சத்தத்தை மீறிக் கேட்டது. ஊசி போடுகிற அம்மா ஒருத்தி வீடு வீடாக வந்து, தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், கொதி வந்த உடனே இறக்கிவிடாதீர்கள், கொஞ்ச நேரம் தளதளவென்று கொதிக்கட்டும் என்று சொல்லிப் போனாள்.

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் செய்தேன். செய்தேன் என்று பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன், அந்த லைனில் ஒழுங்காகச் செய்தவள் நான் ஒருத்திதான். பித்தளைக் குண்டாவைச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்து வெளியே அடுப்புக் கூட்டினேன். பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டுவேன். தறிக் கழிவுப் பஞ்சில் தீ மூட்டி, பருத்திமாரும் தென்னமட்டையும் வைத்து எரிப்பேன். குண்டாவுக்குள் ஒரு கோலிக்குண்டைப் போட்டு வைத்திருந்தேன். கொதி வந்தால் அது அடியில் கடகடவென்று குதிக்கும். வீட்டில் கடிகாரம் கிடையாது, இருந்திருந்தாலும் எனக்கு மணி பார்க்க வராது. கோலி குதிக்க ஆரம்பித்த பிறகு வாசல் கூட்டி, சாணம் தெளித்து, கோலம் போட்டு முடிக்கும் வரை அது குதித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் என் கணக்கு. தறியிலிருந்து வருகிற என் வீட்டுக்காரர், "ஏம்புள்ளெ, உன்ற கோலியாட்டம் முடிஞ்சுதா? தொண்ட காயுது" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவார்.

காய்ச்சிய தண்ணீரில் புகை வாசம் இருக்கும். ஆற நேரமாகும். உப்புத் தண்ணீர் வேறு, குண்டாவின் உள்ளே வெள்ளைப் பொருக்குக் கட்டும். குடித்தால் நாக்கில் சுண்ணாம்பு தொட்ட மாதிரி. அவரும் சரசுவும் முணுமுணுத்துக்கொண்டு குடித்தார்கள். அத்தை மட்டும் குடிக்கவில்லை. அத்தை என்றால் என் மாமியார். பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சல்காரருக்கும்தான் காய்ச்சிய தண்ணீர் என்பது அவர் கட்சி.

"நானென்ன புள்ள பெத்துப்போட்டாம்மிணி படுத்திருக்கறேன்?"

அவருக்கென்று மண்பானையில் பச்சைத் தண்ணீர் தனியாக இருந்தது. சில்லென்று அள்ளிக் குடிப்பார், குடித்துவிட்டு என்னைப் பார்ப்பார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. சின்ன வயதில் ஒரு தடவை காமாலை வந்தவர்களுக்கு மறுபடி வராது என்று ஊசி போடுகிற அம்மா பிற்பாடு ஒரு நாள் சொன்னாள். அத்தைக்குச் சின்ன வயதிலேயே வந்து போயிருந்ததாம். அப்போது அது எங்களுக்குத் தெரியாது. அத்தை நல்லா இருந்ததுதான் எங்களுக்குக் கெட்டதாகப் போனது.

சரசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடச் சின்னவள். அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கையா என்று கூப்பிடுவார்கள். அவள் வாயில் அந்தச் சொல் நிமிடத்துக்கொரு தடவை வரும். தறிக்கு வேண்டிய நூலைக் குச்சியில் தாராகச் சுற்றிக் கொடுப்பாள். சிரிப்பு அதிகம். ஆனால் சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்கும். அவளுக்குப் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்தது. தென்னந்தோப்பு, கொப்பரைக் களம், ஒரே பையன். லைன் வீட்டுக்கு அப்படி ஒரு இடம் வருவது பெரிது. அவர்கள் குடும்பத்துச் சாமி முன்னால் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டலம் கட்டிப் போட்டு ஒன்றை எடுத்துப் பூக் கேட்டார்களாம், நினைத்த பூவே வந்ததாம். அதன் பிறகுதான் பெண் பார்க்கக் கிளம்பி வந்தார்கள்.

வருகிறவர்களை ஒறம்பரை என்போம். ஒறம்பரை வீட்டுக்குள் கால் வைத்தால் "வாங்கோ" என்ற சொல்லும் ஒரு சொம்புத் தண்ணீரும் ஒன்றாகப் போக வேண்டும். உட்கார்ந்த பிறகு கேட்டு வாங்கிக் குடித்தால் அது நமக்குக் கேவலம். தாகம் இருக்கிறதா இல்லையா என்பது வேறு பேச்சு. ஒரு மடக்காவது குடித்துத்தான் சொம்பைக் கீழே வைப்பார்கள். குடிக்காமல் எழுந்து போனால் என்னவோ மனத்தாங்கல் என்று அர்த்தம்.

நான் முதல் நாளே காய்ச்சி, புதுப் பானையில் ஊற்றி, ஈரத் துணி சுற்றி நிழலில் வைத்திருந்தேன். ஆனாலும் அந்த வெயிலில் அது சரியாகக் குளிரவில்லை. மறுநாள் காலையிலும் ஒரு குண்டா காய்ச்சினேன். சொம்புகளைத் துலக்கி, காய்ச்சிய தண்ணீரை நிரப்பி வரிசையாக வைத்துவிட்டு, பஜ்ஜி சுட அடுப்படியில் உட்கார்ந்தேன். வாடகைக் கார் வந்து நின்றதும் அத்தைதான் சொம்புகளை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். பையனின் அம்மாவும் தாய்மாமனும் குடித்தார்கள். பானைத் தண்ணி நல்லா இருக்குதுங்க என்று அந்த மாமன் சொன்னது என் காதில் விழுந்தது. பாராட்டுகிறாரே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பையன் சொம்பு வருவதற்கு முன்பே கால் கழுவப் பின்பக்கம் வந்துவிட்டான். நான் பஜ்ஜிக் கரண்டியோடு நின்றேன். பக்கத்தில் இறக்கி வைத்த குண்டா இருந்தது, கோலி அடங்கி, சூடு பாதி இறங்கியிருந்தது. குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா என்று கேட்டான். முன்னால் கொடுத்திருப்பார்களே என்று நினைத்தேன். கதவுக்குப் பக்கத்தில் சரசு நிற்பது அவனுக்குத் தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன். ஒரு டம்ளர் மொண்டு கொடுத்தேன். வெதுவெதுப்பு. குடித்தான்.

"எங்க களத்துல கொப்பரைக்கு மூட்டம் போட்டா இப்பிடித்தானுங்க வாசம் வரும்" என்றான். "தண்ணியக் கொப்பரையாக்கிப்போட்டீங்க. இன்னொரு டம்ளர் குடுங்க."

கதவுக்குப் பின்னால் சரசுவின் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருக்கும். இரண்டாவது டம்ளரையும் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனான். எத்தனையோ பேருக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறேன். அத்தனை சந்தோஷமாக அந்தப் புகைத் தண்ணீரை யாரும் குடித்ததில்லை.

எல்லாம் பேசி முடிந்தது. ஆவணியில் நிச்சயம் என்றார்கள். சாயங்காலம் கார் போன பிறகு அத்தை கொண்டையை அவிழ்த்து முடிந்துகொண்டே, மனசு நிறைந்த சந்தோஷத்தில் என்னிடம் சொன்னார்.

"நீ வெச்ச தண்ணியத் தொட்டுப் பாத்தேன், வெதுவெதுன்னு இருந்துது. ஒறம்பரைக்குப் போயி அதைக் குடுக்கறதா? கீழ ஊத்திப்போட்டு எம்பட பானைத் தண்ணியக் குடுத்தேன். அதுக்குத்தான் அந்த மாமன் அத்தன மெச்சுனாரு."

என்ன சொல்வது? எங்கள் நாலு பேரில் யாருக்கும் காமாலை வரவில்லை, அத்தைக்கும் வரவில்லை. பானைத் தண்ணீர் குடித்த அத்தை எதிரில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறார். ஒன்றும் ஆகாது என்று நானே என்னைச் சமாதானம் பண்ணிக்கொண்டேன். வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவரும் ஒன்றும் ஆகாது என்றார்.

ஆடியில் தரகர் வந்தார். வந்தவர் தின்பண்டத்தையும் தொடவில்லை, முகத்தையும் நேரே காட்டவில்லை. பையனின் அம்மாவுக்கும் மாமனுக்கும் ஒன்றுபோலக் காமாலை. அம்மா படுத்த படுக்கையாம், மாமன் எழுந்து நடமாடுகிறாராம். பையனுக்கு மட்டும் ஒன்றுமில்லை. பெண் வீட்டில் கால் வைத்த நேரம் சரியில்லை என்று அவர்கள் பக்கம் பேசிக்கொண்டார்களாம். பையனை மட்டும் சாமி கைகொடுத்துத் தூக்கிவிட்டது, அதற்கு மேலும் அந்த வீட்டில் பெண் எடுத்தால் சாமிக்கே பொறுக்காது என்று பெரியவர்கள் சொன்னார்களாம். மறுபடி பூக் கேட்டிருக்கிறார்கள். இந்தத் தடவை நினைத்த பூ வரவில்லை.

நான் அன்றைக்கு ராத்திரிச் சோறு ஆக்கவில்லை. சாமி தூக்கிவிடவில்லை, என் குண்டாத் தண்ணீர் தூக்கிவிட்டது என்று எனக்குத் தெரியும். நேரம் கெடவில்லை, பானைத் தண்ணீர் கெட்டிருந்தது. இதைப் போய்ச் சொன்னால் விளங்கிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். படிக்காவிட்டாலும் நியாயம் நியாயம்தானே. என் வீட்டுக்காரரிடம் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன். பையன் குடித்தது காய்ச்சிய தண்ணீர், நீங்கள் குடித்தது பானைத் தண்ணீர், ஊரெல்லாம் இந்தச் சீக்கு இருக்கிறது, எங்கள் பெண்ணுக்கும் வீட்டுக்கும் ஒரு குறையும் இல்லை என்று சொல்லுங்கள் என்றேன். அத்தை திண்ணமாக மறுப்பார் என்று நினைத்தேன். அவரோ, போய்ச் சொல்லட்டும் என்பது போலத் தலையை மட்டும் அசைத்தார்.

வீட்டுக்காரர் பொள்ளாச்சிக்கு பஸ் ஏறிப் போய் மறுநாள் வந்தார். தோள் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்த மாமன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாராம். உட்காரச் சொல்லி இளநீர் வெட்டிக் கொடுத்தாராம். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாராம்.

"அப்ப, உங்குளுக்குக் காச்சுன தண்ணி, ஒறம்பரைக்குப் பச்சத் தண்ணிங்களா?"

'ங்க' போட்டுத்தான் கேட்டிருக்கிறார். எங்கள் பக்கம் செருப்பால் அடிப்பதாக இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் அடிப்பார்கள். எப்படிச் சொன்னாலும் அப்படித்தானே வருகிறது. நல்லதை நாங்கள் குடித்துவிட்டுக் கெட்டதை விருந்தாளிக்குக் கொடுத்தவர்கள் ஆகிவிட்டோம். மரியாதைக்குக் கொடுத்தது என்று சொன்னால், எந்த ஊர் மரியாதை என்று கேட்பார்கள். இவர் இளநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாராம். பையன் களத்தில்தான் இருந்தானாம். தலையைக் குனிந்து தேங்காய் உரித்துக்கொண்டே இருந்தானாம்.

அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சரசு தார் சுற்றிக்கொண்டிருந்தாள். அத்தை அவளைப் பார்க்காமலே சொன்னார்.

"குளுகுளுன்னு குடிக்கட்டும்னுதான கண்ணு குடுத்தேன்."

"தெரியுமுங்கம்மா" என்றாள் சரசு. நூல் அறுந்தது. எச்சில் தொட்டு முறுக்கி ஒட்டிவிட்டு மறுபடி சுற்றினாள். அவ்வளவுதான். அழுதாளா என்றால், நான் பார்க்கவில்லை.

அத்தை அன்றோடு யாருக்கும் தன் கையால் தண்ணீர் கொடுப்பதை விட்டுவிட்டார். யார் வந்தாலும் "வாங்கோ" என்பார், உடனே உள்ளே பார்த்து என்னைக் கூப்பிடுவார். அடுப்பில் கை வேலையாக இருந்தாலும் நான்தான் வர வேண்டும். சொம்பு அவர் பக்கத்திலேயே இருக்கும், எடுத்து நீட்ட மாட்டார். வந்தவர்கள் அத்தைக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். பானைத் தண்ணீரையும் விட்டுவிட்டார். நான் கொடுக்கிற வெதுவெதுப்பான தண்ணீரை மறுபேச்சில்லாமல் குடித்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு ஜெயிப்பு யாருக்கு வேண்டும்?

நான் ஒன்று யோசிப்பதுண்டு. தண்ணீர் விஷயத்தில் நான் சொன்னது சரி, இன்றைக்கும் அதில் ஒரு இம்மி விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் நான் காய்ச்சாமலே இருந்திருந்தால்? பையனும் பானைத் தண்ணீரையே குடித்திருப்பான். படுத்திருந்தாலும் எழுந்திருப்பான், வயசுப் பிள்ளை. எல்லோருக்கும் வந்திருந்தால் கோடைச் சீக்கு என்று விட்டிருப்பார்கள். சாமியும் பூவும் நடுவில் வந்திருக்க வேண்டியதில்லை. அவன் ஒருத்தனை நான் காப்பாற்றியதுதான் வினையாகப் போனது. இதை யாரிடம் சொன்னாலும் பைத்தியக்காரப் பேச்சு என்பார்கள். உங்களிடம் சொல்கிறேன், மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரசுவை இரண்டு வருஷம் கழித்து மேட்டுப்பாளையத்தில் கொடுத்தோம். பாக்கு வியாபாரம். குறையில்லாத குடும்பம்தான். மாப்பிள்ளை தங்கமானவர், ஆனால் பேச்சே கிடையாது. ஒரு நாளும் வேடிக்கையாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. சரசு அங்கே போய் மூன்று பிள்ளை பெற்றாள், நல்லாத்தான் வாழ்ந்தாள். தோள் குலுங்குகிற அந்தச் சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அத்தை போனதற்கு அப்புறமா, அதற்கும் முன்னாலேயா.

இப்போது தண்ணீர் கேட்பவரே இல்லை. இந்த அடுக்குமாடிக்கு எத்தனை பேர் வருகிறார்கள். பார்சல் கொண்டுவருகிறவர், மெஷின் பார்க்கிறவர், மகனின் சிநேகிதர்கள், சொந்தக்காரர்கள். ஒருத்தர் வாயிலும் "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்ற சொல் வருவதில்லை. எல்லோர் பையிலும் ஒரு பாட்டில் இருக்கிறது. போன மாசம் பேத்தியைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட ஆளுக்கொரு பாட்டிலைக் காரிலிருந்தே எடுத்து வந்தார்கள். மருமகள் தட்டில் வைத்துக் கொண்டுபோன டம்ளர்கள் வைத்தபடியே திரும்பி வந்தன. அவளுக்கு அது ஒன்றும் மனத்தாங்கலாகத் தெரியவில்லை. இப்படி இருந்தால் நல்லது என்றுகூட எனக்குத் தோன்றியது. யாருக்கும் யாரும் எதுவும் கொடுக்க வேண்டாம், யார் மேலும் பழி வராது. திரும்பி வந்த டம்ளர்களில் ஒன்றை எடுத்து நானே குடித்துவைத்தேன்.

தைப் பொங்கல் நோம்பிக்குச் சரசு வந்திருந்தாள். முழங்கால் வலி. லிப்டிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். நான் பழக்க தோஷத்தில் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன்.

"இருக்கட்டுங்க நங்கையா" என்றாள். "தண்ணி கையிலயே இருக்குது."

பையிலிருந்து பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, அண்ணாந்து குடித்தாள். அவள் மேல் தப்பு எதுவும் இல்லை, இந்தக் காலத்தில் எல்லோரும் செய்வதுதான். நான் சொம்போடு கொஞ்ச நேரம் நின்றேன். அத்தை உயிரோடு இருந்தால், எங்கட ஊட்டுத் தண்ணி ஒரு வாய் குடி கண்ணு என்று சொல்லியிருப்பாரா என்று யோசித்தேன். சொல்லியிருக்க மாட்டார். உள்ளே பார்த்து என்னைத்தான் கூப்பிட்டிருப்பார்.